'போனவில்லை'

ஏழாம் வகுப்பில் நேற்று ஒரு பையன் எழுந்து 'ஐ டிட் நாட் வென்ட் டு த மார்க்கெட்' என்றான். பின்பெஞ்சில் சிரிப்புச் சத்தம். நான் ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் 'நான் சந்தைக்குப் போனவில்லை' என்று எழுதினேன். "டீச்சர், தப்பு! போகவில்லைன்னு வரணும்" என்று வகுப்பே கத்தியது. முதலில் கத்தியவன் அந்தப் பையன்தான்.

'போகவில்லை' என்பதில் இருக்கிற 'போக' எந்தக் காலத்தையும் காட்டாது. நேற்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். 'இல்லை' வந்து சேர்ந்ததும் வினை வெறுமனே நின்றுவிடுகிறது. ஆங்கிலத்திலும் இறந்தகாலத்தை 'டிட்' தன் தலையில் ஏற்றிக்கொள்வதால் 'கோ' சும்மா நிற்கிறது. இதைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 'டிட் நாட் கேம்' என்று அடுத்து ஒரு பெண் ஆரம்பித்தபோது பக்கத்தில் இருந்தவள் "வந்தவில்லையா?" என்றாள். ஆரம்பித்தவள் உடனே திருத்திக்கொண்டாள்.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், கல்லூரி முதலாண்டில் இதே 'டிட் நாட் வென்ட்'டுக்காக என்னை எழுப்பி நிறுத்தி மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏன் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அந்த மூன்று வருடமும் வகுப்பில் நான் வாய் திறக்கவே இல்லை. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பலருக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும்.

'ஏ', 'ஆன்' பாடமும் அப்படித்தான். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துக்கு முன்னால் 'ஆன்', மற்றதற்கு 'ஏ' என்று மனப்பாடம் செய்ய வைத்துவிடுகிறோம். பிள்ளைகள் 'ஆன் யுனிவர்சிட்டி' என்றும் 'ஏ ஹவர்' என்றும் எழுதுகிறார்கள். நாம் சொல்லிக்கொடுத்தபடிதானே எழுதுகிறார்கள்! 'ஒரு மரம், ஓர் ஊர்' தெரிந்த பிள்ளைக்கு அடுத்து வருகிற ஒலியைக் கேள் என்று சொன்னால் போதும். 'ஹவர்' நம் காதில் 'அவர்' என்றுதான் விழுகிறது, அதனால் 'ஆன்'. 'யுனிவர்சிட்டி' யகர ஒலியில் தொடங்குகிறது, அதனால் 'ஏ'. 'எம்எல்ஏ'வுக்கு ஏன் 'ஆன்' என்று அப்புறம் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் தமிழில் இணை கிடைக்காது, சரி. 'த மார்க்கெட்' என்பதில் வருகிற 'த' எங்கே வரும், எங்கே வராது என்பது நிறைய வாசித்துத்தான் பழக்கமாகும். அதற்கு நம்மிடம் இணையான சொல்லே இல்லை. ஆனால் 'டிஸ்கஸ் அபௌட்' என்று ஒரு பிள்ளை எழுதினால் அதைப் பேப்பரில் சுழித்து அரை மார்க் குறைப்பதில் என்ன பயன்? 'பற்றிப் பேசினோம்' என்ற தமிழ்தான் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. 'பிரச்சினையை அலசினோம்' என்று யோசித்துப் பார் என்றால் அந்த 'பற்றி'யும் அதோடு 'அபௌட்'டும் தானாக உதிர்ந்துவிடும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நாளை 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' எடுக்கப்போகிறேன். 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று பலகையில் எழுதிவிட்டு, முதலில் யார் கத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.