பரதேசி என்று திட்டாதீர்கள்

மும்பை தாராவியில் 'சால்' என்னும் வரிசைக் குடியிருப்பில் எங்கள் வீடு. பக்கத்து வீடு உத்தரப் பிரதேசத்து ஜவுன்பூர்க்காரர்களுடையது. அந்த வீட்டம்மாவை நாங்கள் சாச்சி என்போம். நான் ஆறாவது படிக்கும்போது ஒருநாள் விளக்கு வைத்த பிறகும் வெளியே சுற்றிவிட்டு வந்தேன். "ஏலே பரதேசி, இப்பதான் வீடு தெரிஞ்சுதா?" என்று அம்மா போட்ட சத்தத்தில் சாச்சி ஓடிவந்துவிட்டார். "பையனை எங்கே அனுப்பப் போறீங்க?" என்று இந்தியில் கேட்டார். முகத்தில் அப்படியொரு பதற்றம்.

அவருக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். அவர் ஊரில் பர்தேசி என்றால் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவன். கல்யாணமாகி நாலு வருஷம் அவர் மாமியார் வீட்டிலும் புருஷன் பம்பாயிலும் இருந்தார்களாம். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்பதால் பர்தேசி என்றே சொல்லிப் பழகியிருக்கிறார். அம்மா அன்று பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

பரதேசம் என்றால் வேற்றுத் தேசம். அங்கிருந்து வந்தவர் பரதேசி, அவ்வளவுதான். ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் கல்வெட்டுகளில் சுதேசி, பரதேசி, நானாதேசி என்று வணிகர்களையே குறித்திருக்கிறார்கள். அதே குழு 1088இல் சுமத்ராவின் பாருஸில் தமிழில் கல்வெட்டு வைத்தது. அந்த ஊருக்கு நாம்தானே பரதேசி! கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்துக்கு இன்றும் பரதேசி சினகாக் என்றுதான் பெயர்.

நம்மிடம் அந்தச் சொல் வேறு வழியில் போனது. ஊர் ஊராக யாத்திரை போன துறவிகளைப் பரதேசி என்றோம், சத்திரத்தில் சோறு போட்டோம். பிறகு சோற்றுக்கு நின்ற எல்லாரும் ஆண்டி பரதேசி ஆனார்கள், பஞ்சைப் பரதேசி ஆனார்கள். கேட்க நாதியில்லாதவர் மேல் நமக்கிருந்த இளக்காரம்தான் அதை வசவாக்கியது என்பேன்.

மும்பைத் தமிழர் வாயில் அது வருவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிட வந்தவர்கள் வேரூன்றிய இடம் தாராவி. 1960களில் தென்னிந்தியர்களுக்கு எதிராக 'லுங்கி ஹடாவ்' (லுங்கியை விரட்டு) கோஷம் கிளம்பியபோது தமிழர், கன்னடர், மலையாளி எல்லாருக்கும் மதராசி என்று ஒரே பேர். எங்கள் தாத்தா வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கால்சட்டைக்கு மாறினார். அவர் பேரப்பிள்ளைகள் இருக்கும் வாட்ஸாப் குழுவில் இப்போது 'வடக்கன்' என்று எழுதுகிறார்கள். அதற்குச் சிரிப்புப் பொம்மைகள் வேறு போடுகிறார்கள்.

போன மாதம் சாச்சியைப் பார்த்தேன். அவர் தம்பி மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருக்கிறான். "அங்கே அவனை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார்.

"பேரைச் சொல்லித்தான் சாச்சி" என்றேன். அதற்குமேல் அவர் முகத்தைப் பார்த்து நிற்க முடியவில்லை.