பெயர் தெரியாத மின்னஞ்சல் பற்றி ஒரு திருத்தம்

தம்பி, "புரோட்டன் மெயிலில் மிரட்டல் அனுப்பினால் பொலிஸுக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றுமே இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. புரோட்டன் மெயில் கடிதங்களை மற்றவர் வாசிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் ஒரு சுவிஸ் மின்னஞ்சல் சேவை. அங்கே பூட்டப்படுவது கடிதத்தின் உள்ளடக்கம்தான். அனுப்பியவரின் தடயம் வேறு விஷயம். 2021இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி, பிரான்ஸின் காலநிலைச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) பதிவுசெய்து கொடுத்தது அதே நிறுவனம்தான்.

இலங்கையிலும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. கணினிக் குற்றங்களை விசாரிக்க நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் புடாபெஸ்ட் சாசனத்திலும் 2015இல் நாடு சேர்ந்துவிட்டது. வெளிநாட்டிடம் தகவலைக் கேட்டுப் பெற நாளெடுக்கும், ஆனால் வழி இருக்கிறது.

எனக்கு வயிறெரிவது வேறொன்றுக்கு. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியில் இறங்கிய அம்மாமாருக்கும், அவர்களைப் பற்றி எழுதுகிற செய்தியாளர்களுக்கும் இப்படியான சேவை உண்மையாகவே தேவை. பள்ளிக்கூடத்துக்கு மிரட்டல் அனுப்ப அதைப் பாவித்தால், மொத்தமாகத் தடைசெய்யச் சொல்கிறவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். 2025இல் கர்நாடக உயர் நீதிமன்றம் புரோட்டன் மெயிலை முடக்க நடவடிக்கை எடுக்கும்படி இந்திய அரசுக்கு உத்தரவிட்டதும் ஆபாச மின்னஞ்சல் பற்றிய ஒரு வழக்கில்தான்.