கிரேடு எத்தனை என்று கேட்காதீர்கள்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எடுத்தேன். கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "ஃபேட்டி லிவர், கிரேடு 1" என்று இருந்தது. "நான் குடிக்கவே மாட்டேனே டாக்டர்" என்றேன். "அது இப்ப எல்லாருக்கும் இருக்கு சார், வெயிட்டைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. உலகில் வயது வந்தவர்களில் நான்கில் ஒருவருக்காவது இப்படிக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. அதற்காக இதைப் பேசாமல் விட்டுவிடலாம் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நாம் எல்லோரும் பிடித்துத் தொங்கும் அந்த கிரேடு, ஸ்கேன் திரையில் கல்லீரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்வது. கொழுப்பின் அளவை மட்டும், அதுவும் உத்தேசமாகத்தான் சொல்லும். கொழுப்பு குறைவாக இருந்தால் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். ஆனால் ஒருவர் பின்னாளில் சிரோசிஸ் (கல்லீரல் இறுகிச் சுருங்கிப்போவது) வரை போவாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது கொழுப்பு அல்ல, வடு. அதாவது ஃபைப்ராஸிஸ். கிரேடு 1 உள்ளவருக்கு வடு இருக்கலாம். கிரேடு 3 உள்ளவருக்கு இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தில் பார்க்கும் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் நார்மலாக இருந்தாலும் நிம்மதிப்பட முடியாது. கல்லீரலோ வலித்துக் காட்டும் உறுப்பே இல்லை.

வடுவை ஓரளவு ஊகிக்க ஃபிப்-4 என்று எளிய கணக்கு ஒன்று உண்டு. வயதை எஸ்ஜிஓடியால் (இதுவும் ரத்தத்தில் பார்க்கும் ஒரு என்சைம்) பெருக்க வேண்டும். பிளேட்லெட்டை (ஆயிரக்கணக்கில்) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இதால் வகுக்க வேண்டும். எனக்கு வயது 46, எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 2,10,000. 1748-ஐ 1470-ஆல் வகுத்தால் 1.19. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய வடு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் மாட்டினால், கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. 65-க்கு மேல் அந்த 1.3 என்பது 2 ஆகிவிடும். எல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனையில் கிடைக்கும் எண்கள்தான். இந்தக் கணக்கை ஏன் யாருமே எனக்குப் போட்டுக் காட்டவில்லை என்ற கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. "எண்ணெயை நிறுத்திட்டேன், போதும்" என்பவர்கள் அதிகம். கல்லீரலில் சேரும் கொழுப்பில் நேரடியாகச் சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வருவது சிறு பங்குதான். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து கசிந்து வருவதே பெரும்பங்கு. அடுத்தது, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றிக்கொள்வது. இனிப்பு பானங்களை நிறுத்தச் சொல்வது இதனால்தான். ஒல்லியானவர்களுக்கும் இது வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எடையில் 5 சதவீதம் குறைந்தால் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் என்றால் அழற்சி தணியும். 10-ஐத் தாண்டினால் வடுவே கரைய வாய்ப்புண்டு. 84 கிலோ இருந்த எனக்கு 7 சதவீதம் என்பது 6 கிலோ. பட்டினி கிடந்து மளமளவென்று குறைத்தால் கல்லீரல் இன்னும் கெடலாம். வாரம் 150 நிமிடம் வேகமாக நடந்தால், எடை இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு குறையும்.

மருந்தே இல்லை என்ற பேச்சு பழசாகிவிட்டது. ரெஸ்மெடிரோம் என்ற மாத்திரைக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது அழற்சியோடு, சிரோசிஸ் வரை போகாத நடுத்தர அல்லது முற்றிய வடுவும் விழுந்தவர்களுக்கு. எனக்கோ, கிரேடு 1 என்று பதறும் பெரும்பாலானவர்களுக்கோ அல்ல. வாட்ஸ்அப்பில் வரும் "லிவர் கிளீன்" மூலிகைப் பொடிகளைத் தொடவே வேண்டாம். மூலிகையால் கல்லீரல் கெட்டு மருத்துவமனையில் படுப்பவர்கள் உண்டு.

இந்த நோயாளிகளின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் அல்ல, இதயம். அதனால் பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கல்லீரலுக்குப் பயந்து, கொலஸ்ட்ராலுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டேட்டின் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

ஏழு மாதத்தில் 4 கிலோ இறங்கியிருக்கிறது. மீதி 2 கிலோ அசைவேனா என்கிறது.