பாட்டா, காதலா?

அக்கா மகள் ஒரு பையனை விரும்புகிறாள். அவன் வீட்டில் யாருக்கும் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகப் பாட்டுதான். "பரம்பரை இவளோட போச்சு" என்று அப்பா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. அண்ணிக்குப் பாட்டின் முதல் பாடமான சரளி வரிசைகூடத் தெரியாது. அண்ணன் கல்யாணத்தில் அப்பா மூன்று வேளையும் நன்றாகத்தான் சாப்பிட்டார்.

இருந்தாலும் அவர் பயத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. ஜெர்மனியில் கிளாரா வீக் என்றொரு பெண். அப்பாவிடமே பியானோ கற்று, சின்ன வயதிலேயே பெயர் வாங்கியவர். ராபர்ட் ஷூமனைக் கட்டிக்கொள்ள அப்பா சம்மதிக்கவில்லை. கோர்ட் வரை போய், 1840இல், 21 வயது நிறைவதற்கு முதல் நாள் கல்யாணம். அப்புறம்? கணவர் இசையமைக்க உட்கார்ந்தால் இவர் பியானோவைத் தொட முடியாது. சுவர் தாண்டிச் சத்தம் போகும். இத்தனைக்கும் அவர் இவருடைய வாசிப்பைக் கொண்டாடியவர். குழந்தைகள் எட்டு.

சரியாக நூறு வருஷம் கழித்து, 1940இல், பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி சதாசிவத்தை மணந்தார். பாட்டி வயலின், அம்மா சண்முகவடிவு வீணை என்று வளர்ந்தவர், 1936இலேயே மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார். சதாசிவம் பாடகர் இல்லை. ஆனால் ஒரு வீடே அந்தக் குரலைச் சுற்றி நடந்தது. 1966இல் ஐ.நா. சபையில் பாடினார். அந்த வீட்டுச் சாவி கணவர் கையில் இருந்தது என்பீர்கள். உண்மைதான், அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

ஆகவே பையனுக்குச் சங்கீதம் தெரியாதது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. சாதகத்துக்கு, அதாவது தினப் பயிற்சிக்கு, உட்காரும் நேரம் யாருடையது என்பதுதான் என் கவலை. நானும் வயலின் வாசித்தவள். என் கணவர் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. பெட்டி பரண் மேல் இருக்கிறது.

"அவர் பாடக்கூடாதுன்னு சொல்லவே இல்லையே சித்தி" என்றாள் அக்கா மகள், தம்புராவில் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலை நகத்தால் நகர்த்திக்கொண்டே.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "காலையில அஞ்சு மணிக்கு இவ சாதகம் பண்ணுவா. அப்போ அடுப்படியில யாரு?"

கொஞ்சம் யோசித்தான். "எனக்கு அஞ்சு மணிக்கு எழுந்து பழக்கமில்லையே, ஆண்ட்டி" என்றான்.

அவள் தம்புராவிலிருந்து தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.