கழுத்து லேபிளை வெட்டினவர்

(ஒரு தையல் கடை. டெய்லர் காலருக்கு கேன்வாஸ் வெட்டிக்கொண்டிருக்கிறார். வாய் பிதுங்கிய ஒரு பையோடு ஒருவர் உள்ளே நுழைகிறார்.)

வந்தவர்: அண்ணே, இதுல ஏழெட்டுத் துணி இருக்கு. எல்லாத்தையும் பழையபடி ஆக்கித் தரணும்.

டெய்லர்: (பைக்குள் எட்டிப் பார்த்து) தம்பி, நான் துணி தைக்கிறவன். உயிர் கொடுக்கிறவன் இல்ல.

வந்தவர்: அப்ப எதனால செத்துச்சுன்னாவது சொல்லுங்க. நாளைக்குப் புதுசு எடுக்கப் போறேன். இந்தத் தடவை ஒரே முடிவு. இயற்கைத் துணி மட்டும்தான். செயற்கை வாசப்படி ஏறக் கூடாது.

டெய்லர்: நல்ல வைராக்கியம். மொதப் பொணத்த எடுங்க.

வந்தவர்: இந்த ஸ்வெட்டர்.

டெய்லர்: கொழந்தைக்கா?

வந்தவர்: எனக்கு வாங்கினது.

டெய்லர்: சுடுதண்ணி, சோப்பு, மெஷின்ல போட்டு நல்லா ஒரு சுத்து. சரியா?

வந்தவர்: கூட இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்களேண்ணே!

டெய்லர்: கம்பளி ரோமத்து மேல மீனுக்கு இருக்கிற மாதிரி செதில் இருக்கு. சூடும் சோப்பும் சேர்ந்து அலசினா செதிலோட செதில் கோத்துக்கும். முன்னால நகரும், பின்னால வராது. அதான் இப்படி அட்டையா ஆயிருச்சு. (மேசையில் தட்டுகிறார். ‘டொக்’ என்கிறது.) கம்பளி நூத்துக்கு நூறு இயற்கை. உங்களக் கவுத்தது இயற்கைதான்.

வந்தவர்: இழுத்துவிட்டா நீளாதா?

டெய்லர்: இது இனி நீளாது. சூடான பாத்திரம் இறக்கி வைக்க வெச்சுக்குங்க. அடுத்தது?

வந்தவர்: காட்டன் டீ-ஷர்ட். இதுவும் சுருங்கிருச்சு. ஆனா அகலம் அப்படியே இருக்கு, உயரம்தான் போச்சு. கையத் தூக்கினா தொப்புள் வெளிய எட்டிப் பார்க்குது.

டெய்லர்: பனியன் துணிய ஆலையில நீளவாக்குல இழுத்தபடியே பதப்படுத்தி அனுப்பிடுவாங்க. முதல் சலவையில தண்ணி பட்டதும் அந்த இழுவை விட்டுப்போய், துணி தன் சொந்த அளவுக்கு வந்துரும். நூத்துக்கு அஞ்சு சுருங்கினாலே 28 அங்குல உயரத்துல கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் காலி. உயரம் சரியா இருக்கிறத வாங்காதீங்க, ரெண்டு விரல் இறக்கமா இருக்கிறத வாங்குங்க. இதையாவது ஈரமா இருக்கறப்ப கையால நீவி இழுத்து, தட்டையா போட்டுக் காயவெச்சா கொஞ்சம் மீட்கலாம்.

வந்தவர்: தொப்புள் மறைஞ்சா போதும். இது பாருங்க, இந்தப் பூப் போட்ட சட்டை. போட்டிருக்கிறதே தெரியாது, அவ்வளவு மெத்து. துவைச்சுப் பிழிஞ்சேன், டர்ருனு போயிருச்சு.

டெய்லர்: (தடவிப் பார்த்து) ரேயான்.

வந்தவர்: இது இயற்கையா, செயற்கையா?

டெய்லர்: பிறப்பு மரம், வளர்ப்பு ஃபேக்டரி. மரக்கூழை ரசாயனத்துல கரைச்சு, சின்னச் சின்ன ஓட்டை வழியா இழையா இழுத்து எடுக்கிறது. 1892ல இங்கிலாந்துல கிராஸ், பெவன், பீடில்னு மூணு பேர் கண்டுபிடிச்சுப் பதிவு பண்ணின முறை.

வந்தவர்: மூணு பேர் சேர்ந்து என் சட்டையக் கிழிச்சிருக்காங்க.

டெய்லர்: அவங்க மேல பழி போடாதீங்க. முறுக்கினது நீங்க. பருத்திய நனைச்சா பலம் கூடும், அதனால அடிச்சுத் துவைச்சாலும் தாங்கும். ரேயான் நேர் எதிர். நனைஞ்சா பலத்துல ஏறக்குறையப் பாதி போயிரும். அந்த நேரம் பார்த்துக் கயிறு முறுக்கின மாதிரி முறுக்கினா? தண்ணிய அழுத்தி எடுக்கணும், இல்ல ஒரு துண்டுல சுருட்டி ஒத்தி எடுக்கணும்.

வந்தவர்: அப்ப மூங்கில் துணிக்குப் போயிரவா? இயற்கையோட இயற்கைன்னு போட்டிருந்தாங்க.

டெய்லர்: மூங்கில் சட்டைன்னு விக்கிறது பெரும்பாலும் மூங்கில் கூழ்ல செஞ்ச இதே ரேயான்தான். மரம் மாறியிருக்கு, விதி மாறலை. அடுத்தது... பையில ஏதோ வாடை வருதே?

வந்தவர்: (சங்கடத்தோடு) ஜிம் பனியன். மூணு நாள் பைக்குள்ளயே இருந்திருச்சு. அதுக்கப்புறம் நாலு தடவை துவைச்சேன். காய்ஞ்சு இருக்கறப்ப வாசமாத்தான் இருக்கு. போட்டு அஞ்சு நிமிஷம் வேர்த்தா ஜிம்மே காலியாயிருது.

டெய்லர்: (தள்ளி நின்று) பாலியஸ்டர். சாதாரணக் காத்துல பருத்தி தன் எடையில எட்டு சதவீதம் போல ஈரத்த இழைக்குள்ளயே வெச்சிருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வெச்சுக்காது. தண்ணின்னா அதுக்கு ஆகாது, ஆனா எண்ணெய்ன்னா கட்டிப் பிடிச்சுக்கும். உங்க உடம்பு எண்ணெய் அதுல ஊறி, அத வெச்சுக் கிருமி குடித்தனம் நடத்துது. வாசனைக்குன்னு சாஃப்ட்னர் ஊத்தினீங்களா?

வந்தவர்: ரெண்டு மூடி.

டெய்லர்: அது இழை மேல ஒரு பூச்சு பூசிரும். அழுக்கு உள்ள, பூச்சு வெளிய. சோப்பு எங்க போய் வேலை செய்யும்?

வந்தவர்: பார்த்தீங்களா, அதுக்குத்தான் சொன்னேன், ஜிம்முக்கும் இனி சுத்த காட்டன்!

டெய்லர்: அவசரப்படாதீங்க. காட்டன் வேர்வைய உறிஞ்சி வெளிய விடாம வெச்சுக்கும். ஒரு மணி நேரம் ஓடினா ஈரச் சாக்கக் கட்டிக்கிட்ட மாதிரி உடம்புல ஒட்டும், உரசற இடத்துல தோல் உரியும். பாலியஸ்டர்ல ஈரம் இழைக்குள்ள போகாது, நூலுக்கு நடுவுலதான் நிக்கும். சட்டுன்னு காஞ்சிரும். ஓடுறதுக்கு அதுதான் சரியான துணி. வேர்த்த அன்னிக்கே உள்பக்கத்த வெளிய திருப்பித் துவைக்கணும், அவ்வளவுதான். மூணு நாள் ஊறப்போட்டா எந்த இழை தாங்கும்?

(வந்தவர் பேச்சை மாற்ற, பளபளக்கும் ஒரு பேன்ட்டை எடுக்கிறார். தொடையில் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் அப்படியே பதிந்திருக்கிறது.)

டெய்லர்: முகவரி எழுதி முத்திரையும் குத்தியிருக்கீங்க.

வந்தவர்: சூடு கூட்டினா சீக்கிரம் முடியுமேன்னு...

டெய்லர்: லேபிள்ல இஸ்திரிப் பெட்டி படம் போட்டு அதுக்குள்ள புள்ளி வெச்சிருப்பான். ஒரு புள்ளின்னா குறைஞ்ச சூடு, ரெண்டு புள்ளின்னா நடுத்தரம், மூணுன்னா அதிகச் சூடு. பாலியஸ்டர் உருகறது 260 டிகிரி பக்கத்துலதான், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே இளகிரும். இளகின இழைய அழுத்தினா தட்டையாகி இப்படிப் பளபளக்கும். திரும்பி வராது. ஈரத் துணிய மேல விரிச்சு, ரெண்டாவது புள்ளியத் தாண்டாம தேய்க்கணும். இந்தப் பேன்ட் லேபிள்ல எத்தனை புள்ளி இருந்துச்சு?

வந்தவர்: லேபிள் இல்லண்ணே. கழுத்துல அரிக்குதுன்னு வெட்டிருவேன்.

டெய்லர்: பேன்ட்டுக்கு ஏது கழுத்து?

வந்தவர்: ...பழக்க தோஷம். எல்லாத்துலயும் வெட்டிருவேன்.

டெய்லர்: (கத்தரியைக் கீழே வைத்துவிட்டு) கழுத்துல இருக்கிறது அநேகமா வெறும் பேரு தம்பி, அத வெட்டுங்க. சைடு தையல்ல உள்ள ஒரு சின்னப் பட்டை தொங்குமே, அது ஜாதகம். என்ன இழை, எத்தனை சதவீதம், என்ன சூடு, எல்லாம் அங்கதான். பெரும்பாலும் எது அதிகமோ அது முதல்ல இருக்கும். வெளிய அட்டையில ‘காட்டன் ஃபீல்’னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அது காட்டன்னு அவன் எங்கயும் சொல்லலை, காட்டன் மாதிரின்னுதான் சொல்றான். ‘சாட்டின்’னும் போட்டிருப்பான். சாட்டின்கிறது நெய்யிற விதம். பட்டுலயும் நெய்யலாம், பாலியஸ்டர்லயும் நெய்யலாம்.

வந்தவர்: எனக்கு அதெல்லாம் வேண்டாம். துணியத் தொட்டாலே நான் சொல்லிருவேன். இப்ப நான் போட்டிருக்கேன் பாருங்க, இது சுத்த காட்டன். கடைக்காரர் சத்தியம் பண்ணினாரு.

டெய்லர்: சத்தியத்தக் கொளுத்திப் பார்த்துரலாமா?

(ஒரு கிண்ணத்தில் தண்ணீர், ஓர் இடுக்கி, ஒரு தீப்பெட்டி. துணிக்குவியலை அப்பால் தள்ளுகிறார்.)

டெய்லர்: சட்டைக்கு உள்பக்கம், தையல் ஓரத்துல இருந்து ஒரு நூல் எடுங்க.

(வந்தவர் அக்குளுக்குள் கையை விட்டு ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார். சரசரவென்று ஒரு முழம் வருகிறது. பெருமையாக நீட்டுகிறார். டெய்லர் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துச் சுடர் அருகே கொண்டு போகிறார். நூல் சுடரைத் தொடும் முன்பே சுருண்டு விலகி, கரும்புகை விட்டு, நுனியில் கறுப்பு உருண்டையாகத் திரள்கிறது.)

வந்தவர்: ஐயோ, மோசடி! மொத்தமும் பாலியஸ்டரா? இப்பவே போய் அந்த ஆளை...

டெய்லர்: உக்காருங்க. நீங்க உருவினது தையல் நூல். சட்டை என்ன துணியா இருந்தாலும் தைக்கிற நூல் அநேகமா பாலியஸ்டராத்தான் இருக்கும். சோதிக்க வேண்டியது துணியோட இழைய. அதுலயும் நீளவாக்குல ஓடற பாவுல ஒண்ணு, குறுக்க ஓடற ஊடையில ஒண்ணு, ரெண்டும் எடுக்கணும். ரெண்டும் வேற வேற இழையா இருக்கிற துணியும் உண்டு.

(தையலுக்கு உள்ளே விட்ட துணியின் பிசிரிலிருந்து டெய்லரே இரண்டு இழைகளை எடுக்கிறார். முதல் இழை மஞ்சள் சுடராக எரிகிறது.)

வந்தவர்: காகிதம் எரியிற வாசம்!

டெய்லர்: அது பருத்தியோட வாசம். ஆனா ரேயான், லினன் எரிஞ்சாலும் இதே வாசம்தான். நெருப்பு அதுங்களப் பிரிச்சுக் காட்டாது. கம்பளி, பட்டுன்னா முடி கருகற வாசம் வரும். இப்ப சாம்பலத் தொடுங்க. ஆறட்டும் ஆறட்டும்! உருகின பாலியஸ்டர் சூட்டோட தோல்ல பட்டா ஒட்டிக்கிட்டுப் பொசுக்கும். அடுப்புகிட்ட அத போட வேண்டாம்கிறது அதனாலதான். காட்டன் ஒட்டாது, ஆனா குபீர்னு பத்தும். கை தொளதொளன்னு இருந்தா ரெண்டுமே ஆபத்து.

வந்தவர்: (ஆறியதும் விரலால் நசுக்கி) பொடியாகுது... நடுவுல நறநறன்னு என்னமோ நெருடுதே?

டெய்லர்: அது உருகி இறுகின பாலியஸ்டர். ஊடையும் அப்படித்தான் எரியுது. கலப்பு. சுத்த காட்டன்னா மெல்லிசான சாம்பல், ஊதினா பறக்கும். எத்தனை சதவீதம் கலந்திருக்குன்னு நெருப்பு சொல்லாது. அத சொல்ற பட்டைய நீங்க வெட்டிப் போட்டுட்டீங்க. நெஞ்சுல பாருங்க, குட்டிக் குட்டியா பந்து கட்டியிருக்கு.

வந்தவர்: அது துவைக்கிற மெஷின் கோளாறுன்னுல்ல நெனச்சேன்.

டெய்லர்: உரசினா எந்த இழையும் பிசிறு விட்டு உருண்டுக்கும். காட்டன்ல அந்த உருண்டை அறுந்து விழுந்துரும். கலப்புல பாலியஸ்டர் இழை பலமா இருக்கறதால அறுந்து விழ விடாது, பிடிச்சு வெச்சுக்கும்.

வந்தவர்: (தளர்ந்து) நாளைக்கு ஆபீஸ் சட்டை நாலு எடுக்கணுமேண்ணே. எத நம்பி எடுக்க?

டெய்லர்: தினம் இஸ்திரி போடுவீங்களா?

வந்தவர்: (பேன்ட்டில் உள்ள முத்திரையைப் பார்த்தபடி) போடக் கூடாதுன்னு நெனைக்கிறேன்.

டெய்லர்: அப்ப காட்டன் 60, பாலியஸ்டர் 40 மாதிரி பாருங்க. வேர்வையும் ஓரளவு தாங்கும், ரொம்பக் கசங்காது. உள்ள போடற பனியன், ஜட்டி, படுக்கை விரிப்பு, துண்டு, இதுக்கெல்லாம் காட்டன்தான், அதுல பேரமே கிடையாது. மழைக்கோட்டு காட்டன்ல கேட்டா கடைக்காரர் உங்கள ஒரு மாதிரி பார்ப்பாரு. கடையில துணியோட ஒரு மூலையக் கைக்குள்ள பத்து எண்ற வரைக்கும் இறுக்கிப் பிடிச்சு விடுங்க. மடிப்பு அப்படியே நின்னா காட்டனோ லினனோ ரேயானோ. உடனே விரிஞ்சா பாலியஸ்டர் கலந்திருக்கு. இல்ல, கசங்காம இருக்கப் பிசின் போட்ட காட்டனாவும் இருக்கலாம். அது இஸ்திரி வேலையக் குறைக்கும், ஆனா ஓரம், மடிப்பு எல்லாம் சீக்கிரம் நைஞ்சு போகும்.

வந்தவர்: ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பார்த்தா தெரியாதா? உறிஞ்சினா காட்டன்னு சொல்றாங்களே.

டெய்லர்: புதுத் துணியில அத நம்பாதீங்க. மேல பூச்சு இருக்கும், காட்டன்லயே தண்ணி முத்து முத்தா நிக்கும். ரெண்டு சலவைக்கு அப்புறம்தான் உண்மை தெரியும். அதுக்குப் பதிலா வெள்ளைக் கைக்குட்டைய நனைச்சு உள்தையல்ல தேய்ங்க. சாயம் ஒட்டுச்சுன்னா அந்தச் சட்டை உங்க மத்த துணியெல்லாம் கலர் பண்ணிரும். கருநீலமும் சிவப்பும் எடுத்தா கட்டாயம் தேய்ச்சுப் பாருங்க. ஜீன்ஸ் எடுத்தா ரெண்டு சதவீதம் லைக்ரா போதும், அது ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கற இழை. முட்டிப் பக்கம் இழுத்துவிட்டா சட்டுன்னு திரும்பணும். மெல்லமா யோசிச்சுக்கிட்டுத் திரும்பினா வேண்டாம். அப்படியே நல்லதா அமைஞ்சாலும் சுடுகாத்துல காயவெச்சு அத கொன்னுராதீங்க.

வந்தவர்: சரிண்ணே. கடைசியா ஒண்ணு. எவ்வளவு விலை ஆனாலும் சரி, ஒரே ஒரு சட்டையாவது நூத்துக்கு நூறு சுத்த காட்டன்ல நீங்களே தைச்சுக் கொடுங்க.

டெய்லர்: தைச்சிரலாம். துணி காட்டன். காலருக்குள்ள வைக்கிற கேன்வாஸ், அத ஒட்டுற பசை, பட்டன், தையல் நூல், இதெல்லாம் எதுன்னு கேக்க மாட்டீங்களே?

வந்தவர்: (நீண்ட யோசனைக்குப் பின்) கேக்க மாட்டேன்.

(பையை எடுத்துக்கொண்டு எழுந்து, டாட்டா காட்டக் கையைத் தூக்குகிறார். அப்படியே நிற்கிறார்.)

வந்தவர்: அண்ணே... அக்குள்ல சிலுசிலுன்னு காத்து வருதே. சுத்த காட்டன்னா இப்படித்தான் இருக்குமா?

டெய்லர்: அது கலப்பு தம்பி. ஒரு முழம் நூல் உருவினீங்களே, அது சங்கிலித் தையல். ஒரு முனை கிடைச்சா கடைசி வரைக்கும் வந்துரும். கையத் தூக்காம அப்படியே கழட்டிக் கொடுங்க.

வந்தவர்: (கழற்றிக்கொண்டே) எந்த நூல்ல தைப்பீங்க?

டெய்லர்: நீங்க கொளுத்தினீங்களே, அதே நூல்தான்.