பூனையும் போஸ்ட்கார்டும்

போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், தோளில் ஐஸ் பெட்டி. சர்க்கரை, பிரஷர் பற்றி ஏதோ ஆய்வாம். அம்மாவிடம் ஐந்து மில்லி ரத்தம் வேண்டும் என்றார். அம்மா கையை நீட்டாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "கண்ணு, போன வாட்டி எடுத்துக்கினு போனாங்களே, அது இன்னா ஆச்சு?"

பாவம், அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? போன வாட்டி வந்தது வேறு ஆட்கள். ஆறு வருடம் ஆகிறது, அப்போது நாங்கள் பள்ளிகொண்டா பக்கம் இருந்தோம். நான்கு பக்கப் படிவம் ஒன்றைத் தண்டவாளத்தில் ரயில் ஓடுகிற வேகத்தில் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லி, பதினொரு மணிக்குத்தான் ரத்தம் எடுத்தார்கள். "ரிசல்ட் வந்ததும் போன் பண்றோம்மா" என்று சொல்லிப் போனதோடு சரி. இரண்டு வருடம் கழித்து, காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் சர்க்கரை 340 என்று தெரிந்தது. அம்மாவின் சர்க்கரை அதற்குள் யாரோ ஒருவரின் எக்செல் தாளில் எப்போதோ ஏறி உட்கார்ந்திருக்கும். எங்களுக்குத்தான் தெரியாது. எந்த நிறுவனம் என்று கமென்ட்டில் கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. ஒரு பெயரைத் திட்டிவிட்டுக் கலைந்துபோகிற விஷயம் இல்லை இது.

நான் ஆராய்ச்சிக்கு எதிரியும் இல்லை. வேலூர்க்காரன் அப்படி இருக்கவே முடியாது. லாட்ஜ், மெஸ், ஆட்டோ, பெங்காலியில் போர்டு எழுதிய மருந்துக்கடை என்று ஊரே ஆஸ்பத்திரியைச் சுற்றித்தான் ஓடுகிறது. எழுபது எண்பது வருடமாக இந்தப் பழைய வட ஆற்காடு மாவட்டத்து மனிதர்களின் உடம்பிலிருந்து உலகம் நிறையத் தெரிந்துகொண்டிருக்கிறது. தெரிந்துகொண்டது அந்த உடம்புக்காரனின் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்ததா என்பதுதான் என் கேள்வி.

வந்திருக்கிறது. பால் பிராண்ட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1948-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் தொடங்கிய மருத்துவர் அவர். தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்று மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். அழுகுவதில்லை, வலி தெரியாததால்தான் காயம் மேல் காயம் பட்டுக் கரைகிறது என்று அவர் கண்டுகொண்டார். ஆனால் சிலருக்கு ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. இதற்கு என்ன கணக்கு? ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி. உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துக்கொண்டிருக்க, ஆள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சிகிச்சை முடிந்து ஊருக்குத் திரும்புகிறவர்கள் கையில் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

எனக்கு இதில் பிடித்ததே அந்தப் பூனைதான். ஆய்வின் முடிவு ஆங்கிலப் பத்திரிகையில் வந்தது, அது வேறு. நோயாளியின் குடிசைக்கு அது மியாவ் என்று கத்திக்கொண்டு போனது. கண்டுபிடிப்பு என்ன, அதை வைத்து ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பூனையிலேயே இருந்தது. ஒப்புதல் படிவம், நெறிமுறைக் குழு எல்லாம் இன்றைக்கு இருக்கிற மாதிரி இல்லாத காலம் அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் போஸ்ட்கார்டு. சி.எம்.சி. வைரஸ் ஆய்வகத்தின் டி.ஜேக்கப் ஜான், நம் ஊர்க் குழந்தைகளுக்கு மூன்று தடவை போலியோ சொட்டு மருந்து கொடுத்தால் மேல்நாட்டில் கிடைத்த பாதுகாப்பு கிடைக்கவில்லை, இன்னும் கூடுதலான தவணை வேண்டும் என்று 1970-களிலேயே ஆய்வு செய்து சொன்னவர். மூன்று தடவை போட்ட பிள்ளைக்கும் கால் சூம்புகிறதே என்று தாய்மார்கள் கேட்டபோது, நீங்கள் ஒழுங்காகப் போட்டிருக்கமாட்டீர்கள் என்று பழியை அவர்கள் மேல் போடுவதுதான் சுலபம். அவர் மருந்தைச் சந்தேகப்பட்டார். அவரும் சக மருத்துவர்களும் சேர்ந்து 80-களில் மாவட்டம் முழுக்க ஒரு நோய்க் கண்காணிப்பு ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் நதி என்று வரும். பாலாற்றில் தண்ணீர் இல்லாத ஊரில் ஓடிய நதி!

ஏற்பாடு ரொம்ப எளிமை. தபால் செலவு முன்கூட்டியே கட்டிய அச்சடித்த கார்டு. அரசு ஆஸ்பத்திரியோ தனியார் கிளினிக்கோ, டாக்டருக்குப் போலியோ, காலரா மாதிரி ஏதாவது சந்தேகம் வந்தாலே போதும், கார்டை நிரப்பித் தபாலில் போட வேண்டியதுதான். என் பெரியப்பா குடியாத்தத்தில் ஒரு கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தார். கார்டு எழுதும் வேலை அவர் தலையில்தான் விழும். சட்டைப் பையில் எப்போதும் நான்கைந்து மஞ்சள் பூத்த கார்டு மடங்கிக் கிடக்கும் என்பார். கார்டு போய்ச் சேர்ந்ததும் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும், ஆட்கள் கிளம்புவார்கள். கார்டு போட்ட டாக்டர்களுக்கு மாதாமாதம் ஒரு சிறு அறிக்கை திரும்பி வரும்: எந்தப் பக்கம் எந்த நோய், எத்தனை பேர். அதைப் படித்துவிட்டு டாக்டர், "பார்த்தியா, நம்ம கார்டு வேலை செஞ்சிருக்கு" என்று மேசையில் தட்டுவாராம். அந்தத் தட்டலுக்காகவே அடுத்த கார்டும் எழுதப்பட்டிருக்கும். இந்த முறையைப் பார்த்துத்தான் 1999-இல் கேரளத்துக் கோட்டயத்திலும் தொடங்கினார்கள். 2004-இல் மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தபோது இங்கே கற்ற பாடமும் அதற்கு உதவியது.

இனி, திரும்பி வராதவை.

1986-இல் இந்தியாவில் முதல்முறையாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட ரத்த மாதிரிகள் சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் ராத்திரி ரயிலில் காட்பாடிக்கு வந்தவை. பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்ல, அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பன் சென்னைக் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்தவை. வேலூரில் சோதித்ததில் ஆறு மாதிரிகளில் கிருமி தெரிந்தது. நாட்டையே உலுக்கிய கண்டுபிடிப்பு. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று காப்பகத்தில் இருந்த அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பின்னாளில் நிர்மலாவே இதைச் சொன்னார்.

அடுத்தது எனக்கு ரொம்ப வருத்தம் தருவது. வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் ஒவ்வொரு சாவுக்கும் சி.எம்.சி. ஆட்கள் வீட்டுக்கே போய் விசாரித்து உண்மைக் காரணத்தை எழுதிவைத்தார்கள். 1994 முதல் 1999 வரையிலான கணக்கில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 95 தற்கொலை. நாடு முழுமைக்கும் அரசுக் கணக்கு அப்போது பத்து, பதினொன்றுதான். பத்து முதல் பத்தொன்பது வயதுப் பெண் பிள்ளைகளிடையே மட்டும், 1992 முதல் 2001 வரையிலான கணக்கில், 148. இது 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. காவல் நிலையப் பதிவில் "தீராத வயிற்றுவலி" என்று எழுதி முடித்துவிடும் ஊரில், வீடு வீடாகப் போய்க் கேட்டதால்தான் இந்த எண்ணே வெளியே வந்தது. அந்த உழைப்புக்கு என் மரியாதை உண்டு. ஆனால் கணியம்பாடியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் நண்பனுக்கு இந்த 148 பற்றித் தெரிந்தது, இருபது வருடம் கழித்து, டீக்கடையில் நான் சொல்லித்தான். அவன் டீயை வைத்துவிட்டான்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை இரண்டு கணக்கிலும் எழுதலாம். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். கடுமையான வயிற்றுப்போக்கைப் பாதிக்கு மேல் தடுத்தது. 2016-இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது. என் தங்கை பிள்ளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய திருப்பிக் கொடுத்தல் உண்டா? ஆனால் இந்த மாதிரி மருந்தில் பயப்படுகிற பக்கவிளைவு குடல் செருகல், அதாவது குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்துகொள்வது; வேலூரில் எத்தனை பிள்ளைகளுக்கு அது வந்தது என்று தனியாக வெளியிடச் சொல்லிக் கேட்டபோது, இடவாரியாகப் பிரித்தால் எண்ணிக்கை சிறிதாகிப் பொருள் திரிந்துவிடும் என்றார்கள். வழக்கு கோர்ட் வரை போனது. புள்ளியியல் படி அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். பிள்ளையைக் கொடுத்த ஊர் கேட்கிறது, விளக்கத்தோடு சேர்த்தே எண்ணையும் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

சட்டம் வளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. மருந்துச் சோதனையை முன்கூட்டிப் பதிவு செய்வது 2009-இல் கட்டாயமானது. ஒப்புதலை வீடியோவில் பதிவு செய்யும் விதி 2013-இல் வந்தது. 2019-இல் புது விதிகள். எல்லாம் ஊசி குத்துவதற்கு முன்னாலும் குத்தும்போதும் காட்டுகிற அக்கறை. குத்தி முடித்துக் கதவைச் சாத்திய பிறகு ஒரு போன் கால், ஒரு துண்டுச் சீட்டு, தமிழில் நாலு வரி? அதற்கு நிதி கேட்டு யாரும் திட்ட வரைவில் எழுதுவதில்லை என்று இந்தத் துறையில் இருக்கும் ஒரு தம்பியே சொன்னான்.

சரி, அந்தப் பெண் கதைக்கு வருகிறேன். அம்மா கேட்டதும் அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தினசரி காலண்டர் அட்டையின் ஓரத்தில் தன் சொந்த நம்பரை எழுதினார். "பதினைஞ்சு நாள்ல நானே கூப்பிடறேம்மா, இல்லன்னா நீங்க கூப்பிட்டுத் திட்டுங்க" என்றார். அம்மா கையை நீட்டினாள்.

இன்று இருபத்து மூன்றாம் நாள். திட்டுவதற்குப் போன் போட்டுத் தரச் சொல்லி அம்மா காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.