தாழைக்குப் பக்கத்தில் என்ன நடுவது?

மொரீசியஸின் வாக்வா ஊரில் எங்கள் கோயிலுக்குப் புது மதில் கட்டி முடித்தாகிவிட்டது. உட்பக்கம் நீளமாக ஒரு பாத்தி விட்டிருக்கிறார்கள். அதில் என்ன வைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் இருக்கும் மாமா ஒருவர் என்னைக் கூப்பிட்டுக் கைபேசியில் படம் காட்டினார். கடற்கரை ஓட்டல் ஒன்றின் வாசல். ஒரே உயரத்தில் வரிசையாகப் பனைகள், அடியில் புல்தரை, நடுவே சிவப்பும் மஞ்சளுமாகக் குரோட்டன். "இதே மாதிரி வேணும் தம்பி, பளிச்சுனு இருக்கணும்" என்றார். அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

18 வருடமாக மொரீசியஸில் தோட்ட வேலை செய்கிறேன். நிறமும் உயரமும் பார்த்து நடுவதில் தவறில்லை. ஆனால் அதையெல்லாம் கடைசியில்தான் பார்க்க வேண்டும். எந்தச் செடி எதை அண்டி வாழ்கிறது என்று தெரியாமல் போடும் நடவுத் திட்டம் என்னைப் பொறுத்தவரை வெறும் அலங்காரம்.

நம் மலைக்காட்டில் ட்ரோக்கேஷியா பிளாக்பர்னியானா என்று ஒரு செடி உண்டு, மணி போலத் தொங்கும் பூ. அதன் தேன் மற்றப் பூக்களில் போல நிறமற்றதாக இருக்காது, நிறத்தோடு இருக்கும். அந்தத் தேனைக் குடித்து மகரந்தம் சுமப்பது நாம் வாழைமரத்திலும் சுவரிலும் பார்க்கும் பச்சைப் பல்லி, அந்த நீல வால்காரன். பகலில் திரிகிற பல்லி என்பதால் வல்லூறுக்குப் பயந்துதான் வாழ வேண்டும். ஒளிந்துகொள்ள அதற்குப் பிடித்த இடம் தாழம்புதர். முள் விளிம்புள்ள அந்த அடர்ந்த மடல்களுக்குள் போய்விட்டால் எந்தக் கால் நகமும் எட்டாது. 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதை அளந்து காட்டியது: தாழைக்கு அருகில் நிற்கும் ட்ரோக்கேஷியாவுக்குப் பல்லி அதிகம் வருகிறது, காயும் அதிகம் பிடிக்கிறது. தாழையை விட்டுத் தள்ளி நிற்கும் செடியும் பூக்கத்தான் செய்கிறது, காய்தான் குறைவு. முதன்முதலில் இதைக் கேட்டபோது அதுவரை நான் போட்ட வரைபடங்களை எல்லாம் நினைத்து வெட்கப்பட்டேன். இரண்டு செடிகளுக்கு நடுவே எத்தனை அடி என்று குறித்திருக்கிறேன், ஏன் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

மழையும் அப்படித்தான். இந்தச் சின்னத் தீவில் நடு மேட்டில் இருக்கும் கூர்ப்பி ஊர்ப் பக்கம் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டர் வரை பெய்கிறது. காரில் கொஞ்ச நேரம் இறங்கினால் மேற்குக் கரையில் 1000 கூட எட்டாது. அந்தக் கரையில் ஒரு குடியிருப்புத் திட்டத்தில் வேலை செய்தேன். வெளிநாட்டு அலுவலகம் ஒன்றில் போட்ட வரைபடம் அது. வடக்குச் சுவர் ஓரமாகப் பெரணியும் அந்தூரியமும் போடச் சொல்லியிருந்தார்கள், அது நிழல் பக்கம் என்ற நினைப்பில். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஐயா! இங்கே வெயில் வருடத்தில் பெரும்பாலும் வடக்கிலிருந்துதான் விழும். சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அக்டோபர் வறட்சியில் மொத்தமும் கருகியது. லாரியில் தண்ணீர் வந்தது, புதுச் செடி வந்தது, அதுவும் கருகியது. அந்தக் கடலோரத்துக்கு மணலைப் பிடித்துக்கொள்ளும் அடும்பு இருக்கிறது. நம் சங்கப் பாட்டு நெய்தலில் வைத்துப் பாடிய அதே அடும்புக்கொடிதான். யாரும் நடாமலே பக்கத்துக் கடற்கரையில் பூத்துக் கிடந்தது.

இதைச் சொன்னால் உடனே "அப்போ வேம்பை வெட்டணுமா, துளசியைப் பிடுங்கணுமா?" என்று கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். நம் பாட்டன் பூட்டன் இங்கே வந்தபோது கூடவே வந்த மரங்கள் அவை, கோயில் வாசலில் நிற்கட்டும். வெளியிலிருந்து வந்தது என்பதற்காக நான் எதையும் ஒதுக்குவதில்லை. காட்டுக்குள் புகுந்து மற்றதை நசுக்குகிறதா என்றுதான் பார்க்கிறேன். சீனக் கொய்யா அப்படிப் புகுந்தது. பிளேன் ஷாம்பாய்ன் மேட்டுக்காட்டுப் பக்கம் பை நிறையப் பறித்து உப்பும் மிளகாயும் தொட்டு நானும் தின்று வளர்ந்தவன்தான், அந்த ருசி எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் அதன் அடர்த்திக்குக் கீழே நாட்டு மரத்தின் கன்று எழும்ப முடிவதில்லை. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பழங்காடு தீவின் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. இது தெரிந்த பிறகும் அதை வேலிக்கு நட என்னால் முடியாது.

சரி, கோயில் பாத்திக்கு வருவோம். நடுவில் தாழை மூன்று, ஒட்டி ட்ரோக்கேஷியா, வெறும் மண் தெரியாதபடி கீழே குட்டையான நாட்டுச் செடிகள். மண் மூடியிருந்தால் களை பறிக்கும் வேலை பாதியாகிவிடும். முதல் இரண்டு வருடம் மாமா கேட்ட பளிச் இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மாமாவுக்கு வேறொரு தயக்கம். "தாழம்பூ சிவனுக்கு ஆகாதே தம்பி" என்றார். பூவுக்காக நடவில்லை மாமா, முள்ளுக்காக நடுகிறோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம ஊர்ப் பேரே வாக்வா, தாழைதானே அது" என்று அவரே சொன்னார். மூன்று கன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் குழி வெட்டுகிறோம், மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.